கழுமரத்தின் முன் நிகழாத அற்புதம்

சேலையூரிலிருந்து தாம்பரத்தை அடைந்து, வடக்கே பல்லாவரம் சென்று, அங்கிருந்து குன்றத்தூருக்குத் திரும்பும் சாலை பல்லாயிரவர் அன்றாடம் பிழைப்புக்காகப் போய்வரும் சாலை. ஆயினும் தமிழ்நாட்டுச் சமயப் பகையின் இரு பெருங்கதைகளை நினைவூட்டும் இடங்கள் அவ்வழியிலேயே அமைந்திருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பல்லாவரத்துக் குன்றில், பிற்காலத்தில் முஸ்லிம்களின் வழிபாட்டிடமாகிய குடைவரையை அகழ்வித்தவன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். குன்றத்தூரிலே பிறந்தவர், இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்து, 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்.

அப்புராணத்தில் கொடுமை இரு தரப்பிலும் நிகழ்கிறது. சமணம் துறந்து சைவம் புகுந்த திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன், சமணர் சொற்கேட்டு, ஏழு நாள் நீற்றறையில் அடைக்கிறான், நஞ்சூட்டுவிக்கிறான், யானையை ஏவுகிறான், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளுவிக்கிறான். அம்மன்னன் மகேந்திரவர்மனே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. மதுரையிலோ, சைவ அடியாரான சம்பந்தர் தங்கிய மடத்துக்குச் சமணர் தீயிடுகின்றனர். பின்னர் அவரோடு நிகழ்த்திய அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் தோற்ற 8,000 சமணர் பாண்டியன் ஆணையால் கழுவேற்றப்படுகின்றனர்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவன் ஒரு வேற்றுமையைக் காணாதிருக்க முடியாது. நாவுக்கரசருக்கு நேர்ந்த ஆபத்து ஒவ்வொன்றிலும் திருவருள் வந்து குறுக்கிடுகிறது. நீற்றறை குளிர்கிறது, நஞ்சு அமுதாகிறது, யானை வலம் வந்து வணங்குகிறது, கல் மிதக்கிறது. கழுமரத்தின் முன் மட்டும் அற்புதம் ஏதும் நிகழவில்லை.

சரித்திரம் இக்கதையை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. 7ஆம் நூற்றாண்டினரான சம்பந்தரின் தேவாரம் சமணரைக் கடுமையாகச் சாடுகிறதேயன்றி, அவர்கள் கழுவேறியதாக உரைக்கவில்லை. எண்ணாயிரம் என்ற கணக்கு, அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்ட நம்பியாண்டார் நம்பியின் வாக்கிலேதான் தலைகாட்டுகிறது. இதைச் சரித்திரமாகக் கொள்ளலாகாது என்பதே கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் முடிவு. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், சித்தன்னவாசல் சமணக் குடைவரையைப் புதுப்பித்தவர் பெயர் 'மதுரை ஆசிரியன் இளங்கௌதமன்' எனக் கல்வெட்டில் காணப்படுகிறது. கழுவில் அடியோடு மடிந்ததாகப் பாடப்பெற்ற சமூகம், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மதுரைப் பெயரோடே திருப்பணி செய்திருக்கிறது.

அவ்வாறாயின் நிகழாத கொலையை நினைந்து நாம் நாணுவானேன் என்று கேட்கலாம். நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகப் பாடி, பொற்றாமரைக் குளத்து மண்டபச் சுவரில் சித்திரமாக எழுதி, மதுரைத் திருவிழாவில் ஓர் உற்சவமாகவும் கொண்டாடினோமே, அதற்காகவே நாண வேண்டும். கொலையை ஒரு மன்னனின் கோபத்தின்மேல் சுமத்திவிடலாம். தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டு மகிழ்ந்த உள்ளம் நம்முடையது. புராணம் நடந்ததற்குச் சாட்சியாகாதபோதும், மனிதன் எதை விரும்பினான் என்பதற்குத் தவறாத சாட்சியாகும்.

சோழ மன்னன் சமண காவியமான சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்தமை கண்டு, அவன் மனத்தை மாற்றவே சேக்கிழார் தம் நூலைச் செய்தார் என்று சேக்கிழார் புராணம் கூறும். அச்சிந்தாமணியை 1887இல் அச்சேற்றி அழியாமற் காத்தவர், திருவாவடுதுறைச் சைவ மடத்தில் தமிழ் பயின்ற உ. வே. சாமிநாதையர், அதன் பொருள் விளங்காத இடங்களை அவருக்கு விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள்.