நெல்லூர்ப் பெயரில் வாழும் ஒங்கோல் மாடு

பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கிய காலத்தில், பிறேசிலின் 'நெலோர்' மாடுகள் பற்றிய குறிப்புகள் அவ்வப்போது என் மேசைக்கு வருவதுண்டு. அது நெல்லூர் என்னும் ஊர்ப்பெயரின் திரிபு. ஆனால் அம்மாட்டின் பிறப்பிடம் நெல்லூர் நகரமன்று. அதற்கு வடக்கேயுள்ள ஒங்கோல்.

இக்குழப்பத்துக்குக் காரணம் ஆங்கிலேயர் வகுத்த மாவட்ட எல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒங்கோல் தாலுக்கா, சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. 1904இல் குண்டூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. 1970இல் தனி மாவட்டமாகி, 1972இல் பிரகாசம் என்ற பெயரைப் பெற்றது. மாடுகளோ 1904க்கு முன்னரே கப்பலேறிவிட்டன. 1868இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலொன்றிலிருந்து இரண்டு மாடுகள் பிறேசிலின் சல்வடோர் துறைமுகத்தில் இறக்கி விற்கப்பட்டன. பத்தாண்டுகளின் பின், ரியோ டி ஜெனெய்ரோவைச் சேர்ந்த லெம்குறூபர் என்பவர் ஒரு சோடியை வாங்கினார். எங்கிருந்து தெரியுமா? ஜேர்மனியின் ஹம்பேர்க் மிருகக்காட்சிச்சாலையிலிருந்து! 1938இல் அந்நாட்டில் இனப்பதிவேடு தொடங்கப்பட்டபோது பழைய மாவட்டத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த வணிகத்தில் விபரீதமும் நேர்ந்தது. 1920இல் இந்தியாவிலிருந்து பிறேசிலுக்கு அனுப்பப்பட்ட திமில் மாடுகள் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் தங்கிச் சென்றபோது, வெக்கை எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய் அங்கே பரவியது. ஐரோப்பா கலங்கியது. விலங்கு நோய்களைக் கண்காணிக்கும் சர்வதேச அலுவலகம் 1924இல் பாரிஸில் அமைக்கப்பட்டமைக்கு அதுவே உடனடிக் காரணம்.

ஒங்கோல் பகுதி உழவனுக்கு இம்மாடு இருவகையில் உதவியது. காளை கனத்த கரிசல் மண்ணை உழுதது, பாரவண்டி இழுத்தது. பசு வீட்டுக்குப் பால் தந்தது. பிறேசிலிலோ அது இறைச்சிக்கென்றே வளர்க்கப்படுகிறது. ஒங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி கிராமத்தின் காளையொன்று 1960களின் தொடக்கத்தில் அங்கு கொண்டுசெல்லப்பட்டு, 'கர்வாடி' என்ற பெயருடன் பெரும் சந்ததியைப் பெருக்கியது. இன்று அந்நாட்டின் இருபது கோடிக்கும் மேற்பட்ட மாடுகளில் பெரும்பாலானவற்றில் ஓடுவது நெலோர் இரத்தமே. 'வியாட்டினா-19' என்னும் நெலோர் பசு 2023இல் நாற்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் மதிப்பிடப்பட்டது. நுகத்தடியையே அறியாத பசு அது.

பிறேசிலுக்குப் போனது மாட்டின் உடல்தான், அதன் தொழிலன்று என்பேன். தாயகத்தில் அத்தொழிலையும் உழவு இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஆந்திரக் கிராமங்களின் திருவிழாக்களில் மட்டும் ஒங்கோல் காளைகள் இன்றும் சோடியாகப் பூட்டப்படுகின்றன. அவை இழுப்பது கலப்பையை அல்ல; போட்டிக்கென வைக்கப்பட்ட பாறாங்கல்லை.