வட்டிக்கு வரம்பு போடலாமா? ஆடம் ஸ்மித் சொன்னதும், செட்டிநாடு செய்ததும்

'சந்தையை அதன் போக்கில் விடுங்க' என்றவர் ஆடம் ஸ்மித். பலருக்கும் அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் அதே ஸ்மித், 1776-ல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில், வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு தேவை என்றும் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் அப்போது வரம்பு ஆண்டுக்கு 5%. அதை 8, 10 என்று ஏற்றினால் ஊதாரிகளும் கண்மூடித் துணிபவர்களும்தான் கடன் வாங்குவார்கள், நிதானமான ஆளுக்குப் பணம் போகாது என்பது அவர் வாதம்.

1787-ல் ஜெரமி பெந்தம் இதை மறுத்தார். விவரம் தெரிந்த இரண்டு பேர் ஒப்புக்கொண்ட வட்டியில் அரசுக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. 1854-ல் பிரிட்டன் வரம்பையே நீக்கியது.

சரி, செட்டிநாடு எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும்! நெற்குப்பை, காரைக்குடி வட்டாரத்து நகரத்தார், பர்மா வரை 'கொண்டுவிக்க'ப் போனவர்கள். தொழிலில் முழுச் சுதந்திரம். ஆனால் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான 'நடப்பு வட்டி'யை ரங்கூன் கோயிலில் மாதாமாதம் கூடித்தான் முடிவு செய்தார்கள். வருமானத்தில் ஒரு பங்கு 'மகமை'யாகக் கோயிலுக்குப் போனது.

வீட்டிலும் அப்படித்தான். மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பார்கள்'. அதே வீடுதான், அடுப்பும் கணக்கும் மட்டும் தனி. கூட்டுக் குடும்பமும் வேணும், அவரவர் வரவு செலவுக்கு அவரவர் பொறுப்பும் வேணும் என்ற ஏற்பாடு. (இந்த வழக்கங்களில் ஆர்வம் இருந்தால், நெற்குப்பையில் பிறந்த சோமலெ எழுதிய 'செட்டிநாடும் செந்தமிழும்' தேடிப் படிக்கலாம்.)

எங்கே இடித்தது?

கோயிலில் கூடிய கூட்டத்தில் பர்மிய விவசாயிக்கு இடம் இல்லை. நடப்பு வட்டியின் கட்டுப்பாடு செட்டியார்களுக்குள் மட்டும்தான். விவசாயி கட்டிய வட்டி அதைவிடக் கூடுதல். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை, அடமான நிலம்தான் வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6% நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25%. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது ரொக்கம், வயல் இல்லை. இருந்தாலும் நிலத்தை இழந்தவருக்கு அந்த வித்தியாசம் எப்படிப் புரியும்? கோபம் மூண்டது. சுதந்திர பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் இப்போது?

இங்கே சட்டம் ஸ்மித் பக்கம்தான். மீட்டர் வட்டி, ரன் வட்டி, கந்துவட்டி வசூலிப்பது 2003-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். அப்படி யாராவது கேட்டு மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.