குழந்தை பிறந்தாச்சு, ஒரு சம்பளம் நின்னுபோச்சு... வீட்டு பட்ஜெட்டை மாற்றிப் போடுவது எப்படி?

வளைகாப்புக்கு மண்டபம் பார்த்தாச்சு, மருத்துவமனைக்குப் பணம் எடுத்து வெச்சாச்சு, தொட்டிலும் வாங்கியாச்சு. ஆனால் குழந்தைக்கு ஐந்தாவது மாதம் நடக்கும்போது, 20ஆம் தேதிக்கே வீட்டில் பணம் தீர்ந்துவிடுகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் பல வீடுகளில் நடப்பது இதுதான். காரணம் என்ன? முன்கூட்டியே என்ன செய்யலாம்?

சிக்கல் பிரசவத்தில் இல்லை!

பிரசவச் செலவு ஒரு முறை வரும் செலவு. அது எல்லோருக்கும் தெரியும் என்பதால், எப்படியாவது பணத்தைப் புரட்டிவிடுவார்கள். உண்மையான பள்ளம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பேறுகால விடுப்பு முடிந்து, தாய் உடனே வேலைக்குத் திரும்ப முடியாத மாதங்கள்தான் அவை. வருமானம் குறையும் அதே நேரத்தில் தடுப்பூசி, டயபர், மருத்துவர் கட்டணம் என்று புதிய செலவுகளும் சேர்ந்துகொள்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டத்தில் 12 வாரமாக இருந்த சம்பளத்துடன் கூடிய விடுப்பு, 2017ஆம் ஆண்டு திருத்தத்தில் 26 வாரமாக உயர்த்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இந்த 26 வாரம் கிடைக்கும். அதற்குப் பிறகான குழந்தைக்கு 12 வாரம்தான். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய கடைகள், அலுவலகங்களுக்கு இந்த விதி பொதுவாகப் பொருந்தாது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு விடுப்பு எடுத்த நாளிலிருந்தே சம்பளம் நின்றுவிடலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், அந்தப் பணம் இ.எஸ்.ஐ. மூலமாக வரும். எனவே முதல் வேலை, சம்பளச் சீட்டை எடுத்து எந்தப் பிடித்தம் நடக்கிறது என்று பார்ப்பதுதான்.

26 வாரம் என்றால் எத்தனை மாதம்?

இங்கேதான் பலரும் கணக்கில் தவறுகிறார்கள். 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால், குழந்தை பிறந்த பிறகு மிச்சம் இருப்பது 18 வாரம்தான். அதாவது, சுமார் 4 மாதம். "ஆறு மாசம் சம்பளம் வருமே" என்று நினைத்திருந்த வீட்டில், குழந்தை குப்புற விழும் நேரத்திலேயே சம்பளம் நின்றுவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கோவையில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 32,000, மனைவிக்கு 24,000. மொத்தம் 56,000 ரூபாய்.

மாதச் செலவு:
வீட்டு வாடகை - 12,000
மளிகை, காய்கறி, பால் - 9,000
பெட்ரோல், கரண்ட் பில், போன் - 5,500
பெற்றோருக்கு - 5,000
ஏலச் சீட்டு - 5,000
பைக் தவணை - 4,500

மொத்தம் 41,000. கையில் நிற்பது 15,000.

மனைவியின் சம்பளம் நின்றால் வருமானம் 32,000 மட்டும். அதே செலவுக்கே 9,000 ரூபாய் துண்டு விழும். குழந்தைக்கு மாதம் 6,000 என்று சேர்த்தால், பற்றாக்குறை 15,000. மாதம் 15,000 மிச்சம் பிடித்த அதே வீடு, மாதம் 15,000 கடன் வாங்கும் வீடாக மாறிவிடுகிறது!

அப்போ என்ன செய்யலாம்?

1. ஒத்திகை பாருங்கள்: கர்ப்பம் உறுதியானதும், ஒரே ஒரு மாதம் கணவரின் சம்பளத்தில் மட்டும் குடும்பத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். மனைவியின் சம்பளத்தை ஒன்றாம் தேதியே தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். எந்தச் செலவு கையைக் கடிக்கிறது என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

2. 'பள்ளத்துக்கான பணம்' தனியாக இருக்கட்டும்: மேலே சொன்ன தம்பதிக்கு, இரண்டாம் மாதத்தில் தொடங்கினால் இரண்டு சம்பளமும் வரும் காலம் சுமார் 11 மாதம். குழந்தை பிறக்கும்வரை 7 மாதம் தலா 12,000, பிறந்த பிறகு 4 மாதம் தலா 6,000 ஒதுக்கினால் 1,08,000 ரூபாய் சேரும். 15,000 பற்றாக்குறையை இது 7 மாதம் தாங்கும். பிரசவச் செலவு இதில் சேராது.

3. சீட்டையும் தவணையையும் கவனியுங்கள்: சம்பளம் நிற்கும் முன்பே சீட்டும் முடிந்துவிட்டால் பற்றாக்குறை 10,000 ஆகக் குறையும். அதே 1,08,000 ரூபாய் 10 மாதத்துக்கு மேல் வரும். இந்த நேரத்தில் புதிய தவணை எதையும் தொடங்காமல் இருப்பது நல்லது.

4. காப்பீட்டை இப்போதே படியுங்கள்: பல மருத்துவக் காப்பீடுகளில் பிரசவச் செலவைப் பெற மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கர்ப்பமான பிறகு எடுக்கும் பாலிசி பெரும்பாலும் அந்தப் பிரசவத்துக்கு உதவாது. அலுவலகக் காப்பீடு இருந்தால், குழந்தையின் பெயரை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று கேட்டு வைக்க வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை.

5. அரசு உதவியை விடாதீர்கள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஏழைக் குடும்பத்துக் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணைகளாகக் கிடைக்கிறது. கர்ப்பம் தெரிந்ததும் பகுதிச் செவிலியரிடம் பதிவு செய்வது முக்கியம்.

வேலையை விடுவதா, திரும்புவதா?

இந்த முடிவைக் கைக்காசு தீர்ந்த மாதத்தில் எடுக்கக் கூடாது. திரும்பினால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார், காப்பகம் என்றால் மாதம் எவ்வளவு, போக்குவரத்துக்கு எவ்வளவு என்று கழித்துப் பார்க்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விடுப்புக் கடிதம் கொடுக்கும்போதே அதைக் கேட்டுவிடலாம்.

கழித்த பிறகு 5,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது என்றாலும், "இதுக்காகவா வேலைக்குப் போகணும்" என்று உடனே விட்டுவிட வேண்டியதில்லை. பி.எஃப்., சம்பள உயர்வு, இடைவெளி இல்லாத அனுபவம் ஆகியவையும் அந்தக் கணக்கில் சேர்பவைதான். அதேபோல, ஒரு வருடம் குழந்தையுடன் இருக்க வேண்டும் என்று தாய் விரும்பினால், அதற்கான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது அவர் எடுத்த முடிவாக இருக்கும். இல்லையென்றால் கடன் எடுத்த முடிவாகிவிடும்.