தார்த்தாள் கொட்டகையிலிருந்து நீதிமன்றத்துக்கு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் உள்ள சிற்றூர் ஃபார்ம்வில். கறுப்பினப் பிள்ளைகளுக்கென அங்கே 1939-இல் கட்டப்பட்ட மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 180 பேருக்குத்தான் இடம். 1951-இல் 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். புதுக் கட்டடம் கேட்டபோதெல்லாம் கல்வி வாரியம் நாள் கடத்தியது. கடைசியில் மரச்சட்டத்தில் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. மழைக்கு ஒழுகும். குளிருக்கு ஓர் அடுப்பு: பக்கத்தில் இருப்பவருக்கு வேர்க்கும், தள்ளி இருப்பவர் கோட்டைக் கழற்ற முடியாது. வழிப்போக்கர்கள் கோழிப்பண்ணை என்று நினைத்ததும் உண்டு.

அங்கே படித்த பார்பரா ஜான்ஸின் பெரியப்பா வெர்னன் ஜான்ஸ், நிறவெறியைப் பிரசங்க மேடையிலேயே சாடிய போதகர். மான்ட்கமரி நகரில் அவர் வகித்த போதகர் பொறுப்புக்குத்தான் பின்னர் மார்ட்டின் லூதர் கிங் வந்தார். பெரியப்பாவின் புத்தகங்கள் பார்பராவுக்குக் கிடைத்தன. ஆனால் புத்தகம் மட்டும் யாரையும் தெருவுக்கு இழுத்துவிடுவதில்லை. பள்ளியின் நிலையைச் சொல்லி இசையாசிரியையிடம் புலம்பியபோது, நீயே ஏதாவது செய்யலாமே என்று பதில் வந்தது. பேருந்தைத் தவறவிட்டுப் பார்பரா சாலையோரம் நின்ற ஒரு காலையில், வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து பாதி காலியாக அவரைக் கடந்து போனது. நம்பிக்கையான சில மாணவர்களை விளையாட்டுத் திடலில் கூட்டிப் பேசத் தொடங்கினார். மாதக்கணக்கில் ஒரு சொல்கூட வெளியே கசியவில்லை. அந்த வயதில் இதுவே பெரிய காரியம்.

1951 ஏப்ரல் 23. மாணவர்கள் பேருந்து நிலையத்தில் சிக்கலில் மாட்டியிருப்பதாகத் தலைமையாசிரியருக்குத் தொலைபேசி வந்தது, அவர் விரைந்தார். அவர் பெயரில் போன பொய்ச் சீட்டை நம்பி வகுப்புகள் அரங்கில் கூடின. திரை விலகியபோது மேடையில் நின்றவர் 16 வயது பார்பரா. ஆசிரியர்களை வெளியேறச் சொல்லிவிட்டு வேலைநிறுத்தத்தை அறிவித்தார். அது இரண்டு வாரம் நீடித்தது.

அவர்கள் கேட்டது நல்ல பள்ளிதான். உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் வைக்கும் பிரிவினையையே எதிர்ப்பதானால் மட்டுமே வழக்காடுவோம் என்றார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் அதற்கு இசைந்தபோது கோரிக்கையே வேறாகிவிட்டது. மே 23-இல் 117 மாணவர்களின் பெயரில் வழக்குப் பதிவானது. பள்ளிப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கில் இணைந்த ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. மாணவர்களே தொடங்கியது இது மட்டும்தான்.

மிரட்டலுக்கு அஞ்சி, பார்பராவை மான்ட்கமரிக்குப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமையாசிரியரின் வேலை போனது. கேட்ட கட்டடமோ, பிரிவினையைக் காப்பாற்றும் அவசரத்தில் 1953-இலேயே எழும்பியது. இனம் கலந்து படிப்பதைவிடப் பள்ளிகளே வேண்டாமென்று கவுண்டி 1959-இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு, உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட 1964 வரை, ஊரில் அரசுப் பள்ளியே இல்லை.