ஆணி இல்லாத செருப்பு

செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் பாதிப் படி ஏறியிருப்பேன். செருப்பில் ஓர் ஆணி தலைநீட்டிக் குத்தியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேசிங்கு ராஜன் மறந்துபோனான். ஆணி குத்தினாலும் தெரியாத கால்களின் சரித்திரம் ஒன்று நினைவுக்கு வந்தது.

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி விழும் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அதை ஏற்கவில்லை. நரம்பு கெட்டு வலி மரத்துப்போகிறது. நாம் நொண்டுகிற இடத்தில் அவர்கள் நடந்துகொண்டேயிருக்கிறார்கள். புண் எலும்புவரை அரிக்கிறது. கிருமியை மருந்து கொல்லும். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. ஆகவே செருப்பும் வைத்தியமாயிற்று.

வேலூரிலும், அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் நிலையத்திலும் அதற்கு வேலை நடந்தது. உள்ளே நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர். மிதித்தால் அமுங்கி, ஒரே இடத்தில் விழும் பாரத்தைப் பாதமெங்கும் பரப்பும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். குதிகாலைச் சுற்றி ஒரு வார். செருப்பு நழுவினால் மரத்த காலுக்குத் தெரியாதல்லவா? உருக்குலைந்த பாதமானால் பிளாஸ்டர் சாந்தில் அச்செடுத்து அதற்கேற்ப உள்தளத்தை அமைப்பார்கள். ஆணி கூடவே கூடாது, ஒட்டலாம், தைக்கலாம்.

ஆனால் பார்த்தவுடனே ஊர் அடையாளம் கண்டுகொண்டது. காலைவிட மானம் பெரிதென்று அதைக் கழற்றி வைத்தவர்கள் உண்டு. இன்று நீரிழிவால் மரத்த கால்களுக்கும் அதே ரப்பர்தான்.

கீழே கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஆணியைப் பிடுங்கினார்.

"வேற ஆணி அடிச்சுத் தரேன் சார்."

"வேண்டாங்க, தைச்சுடுங்க" என்றேன்.