'ஒயிட் கிறிஸ்மஸ்' பாடல்

எத்தனையோ பாடகர்கள் பாடிப் பதிவு செய்த 'ஒயிட் கிறிஸ்மஸ்' பாடலில் பாலன் இயேசுவின் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை. ஆகவே இதைக் கிறிஸ்மஸ் பாடலாக ஏற்க நம்மில் சிலர் தயங்குகிறோம்.

இதை எழுதி இசையமைத்த இர்விங் பெர்லின், சிறுவயதில் இரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய யூதர். 1928ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளன்று, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத தம் மகனை இழந்தவர். இதை அறிந்தபின் பாடலில் உள்ள ஏக்கம் நமக்கு வேறுவிதமாகக் கேட்கிறது.

பிங் கிராஸ்பி 1942இல் பாடிய இசைத்தட்டை, வீட்டை விட்டுத் தொலைவில் போர்முனையில் இருந்த அமெரிக்க வீரர்கள் விரும்பிக் கேட்டனர். பிரதிகள் எடுத்து எடுத்தே மூலப்பதிவு தேய்ந்துபோக, 1947இல் அவர் மீண்டும் பாடினார். நாம் பெரும்பாலும் கேட்பது இந்த இரண்டாம் பதிவையே.