கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை!



நேற்று மாலை நார்த்தாமலையில் மேலமலை அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் போன் செய்தான். "சார், ஆபீஸ்ல ஒரு படிவம் கொடுத்திருக்காங்க. தண்ணி, கரண்ட், குப்பை, ஊழியர் நலன்... இதுல எது முக்கியம்னு வரிசைப்படுத்தணுமாம். இதெல்லாம் புதுசா இருக்கே!"

"புதுசு இல்லப்பா" என்றேன்.

நகரத்தார்மலைதான் நார்த்தாமலை ஆனது என்பார்கள். சோழர் காலத்தில் தெலுங்குகுலகாலபுரம் எனப்பட்ட இவ்வூரில் 'நகரம்' என்ற வணிகர் சபை இருந்தது. கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. ஊர்ப் பொதுக்காரியத்தைக் கூடிப் பேசித் தீர்மானிப்பது நமக்குப் பழைய பழக்கம்.

அந்த முறையை விரிவாகச் சொல்வது முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு. ஆண்டு 921. குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆள் எடுத்தார்கள். ஏரியைக் கவனிக்க மட்டும் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம்! முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது.

இன்று கம்பெனிகளிடம் கணக்குக் கேட்பது செபி. 2021இல் அது கொண்டுவந்த அறிக்கை முறை, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயமானது. உங்களுக்கு முக்கியமான சுற்றுச்சூழல், சமூகப் பிரச்சினைகள் எவை? உங்களால் பாதிக்கப்படுவோர் யார்? அவர்களில் நலிந்தவர் யார்? எப்போதெல்லாம் அவர்களிடம் பேசினீர்கள்? இவற்றையெல்லாம் எழுதித் தர வேண்டும்.

பெங்களூரு சர்ஜாபூர் சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் விப்ரோவை எடுத்துக்கொள்வோம். 1945இல் மகாராஷ்டிரத்து அமல்நேரில் வனஸ்பதி ஆலையாகத் தொடங்கிய கம்பெனி அது. தன் வளாகத்துக்குள் எவ்வளவுதான் தண்ணீரை மிச்சம் பிடித்தாலும், அடுத்த வீட்டு ஆழ்துளைக் கிணறும் அதே நிலத்தடி நீரைத்தானே இழுக்கும்? ஆகவே அப்பகுதி மக்களையும் நீரியல் அறிஞர்களையும் சேர்த்துக்கொண்டு நிலத்தடி நீரைப் பொதுச் சொத்தாகப் பேணும் முயற்சியில் இறங்கியது. ஒருவகையில் இதுவும் ஏரி வாரியம்தான். ஏரி மட்டும் பூமிக்கு அடியில்!

ஆனால் பழம்பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. குடவோலையில் பெயர் எழுத, வரி கட்டும் கால்வேலி நிலத்துக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஏரியில் மண் வெட்டிய நிலமற்றவனுக்கு அங்கே ஓலை இல்லை. எது முக்கியம் என்பதை, யாரைக் கேட்கிறோம் என்பதே தீர்மானித்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் இதில்தான் சறுக்குகிறோம்.

மாணவனிடம் கேட்டேன்: "படிவம் உனக்கு வந்துச்சு. உங்க ஆபீஸைக் கூட்டிப் பெருக்குற அம்மாவுக்கு வந்துச்சா? வாசல்ல நிக்கிற வாட்ச்மேனுக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றான்.

உங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றிக் கடைசியாகக் கூட்டம் போட்டபோது யார் யார் பேசினார்கள்? நினைவிருந்தால் எழுதுங்கள்.